பழைய லேப்டாப் கொதிக்கிறதா? தூசி, பேஸ்ட், ஃபேன், சார்ஜர்: வடசென்னை வீடுகளுக்கான கேள்வி-பதில்

வாங்கி ஐந்து வருடம் தாண்டிய லேப்டாப்புக்கான பக்கம் இது. சூடு என்று வரும் பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு இரண்டே இடத்தில்தான்: ஹீட்சிங்க் (பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோக இதழ்கள்) வாயை அடைத்த தூசி, பிராசசருக்கும் அதற்கும் நடுவில் பூசிக் காய்ந்துபோன பேஸ்ட். கூலிங் பேட், செட்டிங், புது விண்டோஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் கழற்றுவது பற்றிய பதில்கள் இங்கே நீளமாக இருக்கும்.

எத்தனை டிகிரி வரை போகலாம்?

தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. அலுமினிய பாடி என்றால் உள்ளே 60 டிகிரி இருந்தாலே கை சுடும். தடித்த பிளாஸ்டிக் பாடியில் உள்ளே 95 ஓடினாலும் வெளியே வெதுவெதுப்புதான். எச்டபிள்யூஇன்ஃபோ அல்லது கோர் டெம்ப் என்ற புரோகிராமைப் போட்டு டிகிரி எண்ணைப் பாருங்கள், இரண்டும் இலவசம். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் பேக்கேஜ் போதும்.

நம்ம ஊர் சூட்டில், ஒன்றும் ஓடாமல் சும்மா இருக்கும்போது 45 முதல் 55 வரை, வேலை செய்யும்போது 70 முதல் 85 வரை என்றால் கவலை வேண்டாம். 90க்கு மேலேயே நின்றால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. இன்டெல் பிராசசர்களுக்குப் பெரும்பாலும் 100 அல்லது 105 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கியதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் பட்டென்று அணைந்துவிடும். சும்மா இருக்கும்போதே 70ஐத் தொடுகிறது என்றால் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பின்னணியில் எது ஓடுகிறது என்று பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கலாம்.

எண்ணை ஒரு தாளில் குறித்து வையுங்கள். சுத்தம் செய்தபின் அதே அறையில், அதே நேரத்தில், அதே வேலையைக் கொடுத்துத் திரும்பப் பாருங்கள். காலையில் ஒருமுறையும் மத்தியானம் ஒருமுறையும் பார்த்து ஒப்பிட்டால் அது வெயிலின் கணக்காகிவிடும்.

திடீரென்று அணைகிறது. சூடுதானா, வேறு கோளாறா?

எச்டபிள்யூஇன்ஃபோவில் டிகிரியைத் தொடர்ந்து ஃபைலில் எழுதிவைக்கும் லாக் வசதி இருக்கிறது. அதை ஓடவிட்டு வழக்கம்போல வேலை செய்யுங்கள். அணைந்தபின் லாக் ஃபைலின் கடைசி வரியைப் பாருங்கள். 98, 100 என்று இருந்தால் சூடு. 65, 70இல் இருக்கும்போதே அணைந்திருந்தால் பேட்டரி, சார்ஜர் பின், ரேம், மதர்போர்டு என்று வேறு பக்கம் தேட வேண்டும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வரும் 'கெர்னல்-பவர் 41' என்ற வரியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. கரன்ட் போனாலும் அதே வரிதான் வரும்.

கழற்றும் முன்பே எங்கே கோளாறு என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. சூடான நேரத்தில், காற்று வெளியே வரும் ஓட்டைக்கு முன்னால் கையை வையுங்கள். பெரும்பாலும் இடதுபக்கமோ பின்பக்கமோ இருக்கும்.

காற்று மெல்ல வருகிறது, ஆனால் சுடச்சுட வருகிறது, ஃபேன் இரைச்சலோ காதைப் பிளக்கிறது என்றால் தூசி அடைப்பு. காற்று வேகமாக வருகிறது, ஆனால் குளிர்ச்சியாக இருக்கிறது, திரையிலோ 95 டிகிரி என்றால் பிராசசரின் சூடு ஹீட்சிங்குக்கே போய்ச் சேரவில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கும், ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அபூர்வமாகச் சூட்டைக் கடத்தும் தாமிரக் குழாயான ஹீட் பைப்பே செத்திருக்கும். காற்றே இல்லை என்றால் ஃபேன். காற்று வேகமாகவும் சூடாகவும் வந்தால் கூலிங் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். அங்கே குற்றவாளி அறையின் வெக்கை, அல்லது லேப்டாப்பின் தலையில் ஏற்றிய வேலை.

காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலேயே பலர் பேஸ்ட் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

நம்ம பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் அடைக்கிறது?

மூன்று காரணம் சேர்கிறது. முதலாவது, தூசி. எண்ணூர் விரைவுச் சாலை, மணலி, திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் டீசல் கரியும். அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல் வேறு. ரோட்டைப் பார்த்த ஜன்னலுக்கு அருகே மேசை போட்டிருந்தால் இதெல்லாம் நேராக ஃபேனுக்குள்தான் போகும்.

இரண்டாவது, உப்பு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்க் கடலோரத் தெருக்களில் காற்றிலேயே உப்புத் துகள் இருக்கிறது. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். சென்னையில் விடியற்காலையில் அந்த அளவு ஈரம் சாதாரணம். கரைந்த உப்புநீர் தாமிரத்தில் பச்சை பூக்கவைக்கும், அலுமினிய இதழ்களில் வெள்ளைப் பொடியைக் கிளப்பும், ஃபேன் கனெக்டரின் பின்னை அரிக்கும். தூசியையும் ஈரமாக்கி ஒட்டவைக்கும்.

மூன்றாவது, வீட்டுப் புகை. கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, மீன் வறுக்கும் எண்ணெய்ப் புகை எல்லாம் தூசியோடு சேர்ந்து பிசுக்காகும். உலர்ந்த தூசி ஊதினால் போய்விடும். பிசுக்கேறிய தூசி போகாது, துடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மாடியில் ஷீட் போட்ட ரூம். அங்கே மட்டும் மோசமாக இருக்கிறதே?

பிராசசரின் சூடு என்பது அறையின் சூட்டுக்கு மேல் ஏறும் அளவு. அறை 28 டிகிரி இருக்கும்போது பிராசசர் 80 காட்டினால், அதே வேலைக்கு 38 டிகிரி அறையில் 90ஐ ஒட்டிக் காட்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தங்கள் லேப்டாப்பை 35 டிகிரி வரையிலான அறைக்குத்தான் என்று குறிப்பிடுகிறார்கள். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே மத்தியானம் அந்த எல்லை எப்போதோ தாண்டியிருக்கும். வீடியோ எடிட்டிங், பெரிய அப்டேட் போன்ற கனமான வேலைகளைக் காலை ஒன்பது மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் தளம் என்றால் சாயங்காலத்தை நம்ப வேண்டாம். பகலில் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி வரைக்கும் கீழே இறக்கிக்கொண்டிருக்கும்.

ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுக்கலாமா?

வேண்டாம். வெளியே எடுத்த நொடியே உள்ளே போர்டு முழுக்க வியர்க்கும். ஐஸ் பேக்கை அடியில் வைப்பதும் அப்படித்தான்.

கழற்றாமல் காற்று மட்டும் அடித்தால் போதாதா? பஞ்சர் கடையில் அடிக்கலாமா?

பஞ்சர் கடைக்குக் கொண்டுபோகவே போகாதீர்கள். கம்ப்ரசர் டேங்கின் அடியில் தண்ணீரும் ஆயிலும் தேங்கியிருக்கும். காற்றோடு அதுவும் வந்து போர்டில் தெளிக்கும். அழுத்தமும் அதிகம், ஃபேன் இதழ் ஒடியும்.

கையடக்க எலக்ட்ரிக் ப்ளோயர் பரவாயில்லை. ஆனால் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபேன் தள்ளும் தூசி, ஃபேனுக்கும் ஹீட்சிங்க் இதழ்களுக்கும் நடுவில்தான் படியும். மூன்று நான்கு வருடத்தில் அது கம்பளித் துண்டு மாதிரி ஒரே தகடாகிவிடும். வெளி ஓட்டை வழியாக ஊதினால் அந்தத் தகடு பின்னால் நகர்ந்து ஃபேனில் சிக்கும், காற்று நின்றதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஒரு வாரம் நன்றாக இருந்து மறுபடி சூடானதற்குக் காரணம் இதுதான். வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யும் லேப்டாப்புக்கு இடையில் ஊதுவது பலன் தரும். ஒருமுறைகூடக் கழற்றாத லேப்டாப்புக்குத் தராது.

வாக்குவம் கிளீனரை உள்ளே நீட்ட வேண்டாம். பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் சேரும்.

என்னென்ன சாமான் வேண்டும்? எங்கே வாங்குவது?

பிஎச்0, பிஎச்00 அளவு சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இரண்டும் நல்ல தரத்தில். மலிவு செட் ஸ்க்ரூ தலையை வழித்துவிடும், பிறகு கழற்றுவதே பெரும்பாடு. சில எச்பி மாடல்களுக்கு டி5 டார்க்ஸ் முனை வேண்டும். பழைய ஏடிஎம் கார்டு ஒன்று, கவரை நெம்ப. புது பெயின்ட் பிரஷ் ஒன்று, ஒரு அங்குலம். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லி. பஞ்சு உதிராத துணி, பழைய கண்ணாடி துடைக்கும் துணி போதும். பேஸ்ட் 4 கிராம் ட்யூப் ஒன்று.

ஆல்கஹாலுக்குப் பதில் சானிடைசர் ஆகாது, அதில் கிளிசரின் இருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல் எதுவும் ஆகாது, பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் மாறாமல் அரசினர் தோட்டம் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து நடந்துவிடலாம். ஃபேன், பேட்டரி போன்றவற்றுக்கு லேப்டாப் மாடல் பெயர் மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகை ஃபேன் வரும். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், அதன் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் காட்டி வாங்குங்கள். கனெக்டரில் மூன்று ஒயரா நான்கு ஒயரா, எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்றும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆல்கஹால் அங்கே கிடைக்காவிட்டால் பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் கேளுங்கள்.

சரி, எப்படிக் கழற்றுவது?

முதலில் தேவையான ஃபைல்களை பேக்கப் எடுங்கள். பிறகு ஷட்டவுன், ஸ்லீப் அல்ல. சார்ஜரைப் பிடுங்குங்கள். வெளியே கழலும் பேட்டரி என்றால் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள்.

உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள். டெல், எச்பி, லெனோவோ மூன்றுமே பல மாடல்களுக்கு வெளியிட்டிருக்கின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே என்று படத்தோடு இருக்கும்.

கவர் வராமல் அடம்பிடித்தால் நெம்பாதீர்கள், எங்கோ ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது. ரப்பர் காலுக்கு அடியில், ஸ்டிக்கருக்கு அடியில், டிவிடி டிரைவ் இருந்த இடத்துக்குள் தேடுங்கள். டிவிடி டிரைவ் உள்ள மாடல்களில் பாட்டம் கவருக்கு முன்பே அதை வெளியே இழுத்துவிட வேண்டும். கழற்றும் ஸ்க்ரூவை ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவம் வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் ஓட்டையில் திருகினால் மேல்பக்கம் கீபோர்டுக்கு அருகே பருப்பு போலப் புடைக்கும், மோசமானால் போர்டில் குத்தும்.

கவர் திறந்ததும் முதல் வேலை, உள் பேட்டரியின் கனெக்டரைப் பிரிப்பது. ஒயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் இரு ஓரத்தையும் நகத்தால் மாறி மாறித் தள்ளுங்கள். பிரித்தபின் பவர் பட்டனை மறுபடி 15 நொடி அழுத்துங்கள். இந்தப் படியை விட்டுவிட்டு உள்ளே ஸ்க்ரூடிரைவர் தவறி விழுந்தால் போர்டுக்கு அதோடு கதை முடிந்தது.

பழைய மாடல் சிலவற்றில் கீபோர்டைத் தூக்கித்தான் ஃபேனுக்கே போக முடியும். கீபோர்டின் அடியில் காகிதம் போன்ற ரிப்பன் கேபிள் இருக்கும். அதன் சாக்கெட்டில் கருப்பு அல்லது வெள்ளை நிறத்தில் மெல்லிய தாழ் ஒன்று உண்டு. தாழை நகத்தால் மேலே தூக்கினால் கேபிள் தானாக நழுவி வரும். தாழைத் தூக்காமல் இழுத்தால் கீபோர்டும் போச்சு, சாக்கெட்டும் போச்சு. இந்த வகை லேப்டாப்பை முதல்முறை கழற்றுகிறவர்கள் கடையில் கொடுப்பதே நல்லது.

ஃபேனையும் ஹீட்சிங்கையும் எப்படிச் சுத்தம் செய்வது?

ஃபேன் கனெக்டரைப் பிரித்து, ஃபேனைத் தனியாகக் கழற்றுங்கள். ஹீட்சிங்கின் வாயில் மேலே சொன்ன தூசித் தகடு நிற்கும். ட்வீசரால் ஒரு மூலையைப் பிடித்தால் முழுசாக உரிந்து வரும். மிச்சத்தைப் பிரஷ்ஷால் இதழ்களின் நீளவாக்கில் தள்ளுங்கள், குறுக்கே தேய்த்தால் இதழ் மடங்கும். மடங்கியிருந்தால் ஏடிஎம் கார்டின் முனையால் நிமிர்த்தலாம்.

ஃபேன் இதழ்களில் பிசுக்கு இருந்தால் பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடையுங்கள். ப்ளோயர் அடிப்பதென்றால் ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். விட்டால் அது தன் வேகத்துக்கு மேல் சுற்றும், பேரிங் கெடும்.

ஓட்டைகளில் சின்னக் கரப்பான் பூச்சிகள் குடியிருப்பதும் நம்ம ஊரில் புதிதல்ல. சூடும் இருட்டும் அவற்றுக்குப் பிடிக்கும். மருந்து அடிக்காதீர்கள். பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, எச்சம் ஒட்டிய இடத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். அந்த எச்சம் போர்டை அரிக்கக்கூடியது.

எந்த பேஸ்ட்? எவ்வளவு? எப்படி?

ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, நோக்டுவா என்டி-எச்1 போன்றவை போதும். 4 கிராம் ட்யூப் பல லேப்டாப்புக்கு வரும், விலை சில நூறு ரூபாய்தான். பத்து இருபது ரூபாய் பாக்கெட் வெள்ளை பேஸ்ட் நம்ம ஊர் சூட்டில் சில மாதத்திலேயே காய்ந்து பொரிந்துவிடும். கடையில் சுத்தம் செய்தும் அடுத்த கோடையில் திரும்பப் போய் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் அச்சிட்டிருக்கும். கழற்றும்போது 4இலிருந்து 1க்கு, மாட்டும்போது 1இலிருந்து 4க்கு. ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் பாதி பாதியாக முறுக்கிக்கொண்டு வாருங்கள். லேப்டாப் பிராசசரின் மேல் டெஸ்க்டாப்பில் இருப்பது போல உலோக மூடி இல்லை, கண்ணாடி போன்ற சிலிக்கான் வெறுமனே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் மூலை உடையும். உடைந்தால் ரிப்பேர் இல்லை.

ஹீட்சிங்க் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் நெம்ப வேண்டாம். மூடிவிட்டு லேப்டாப்பைப் பத்து நிமிடம் ஓட்டி, சூடாக்கி, அணைத்து, பேட்டரியைப் பிரித்து மறுபடி முயலுங்கள். பேஸ்ட் இளகியிருக்கும். லேசாக இடமும் வலமும் திருகினால் வந்துவிடும்.

பழைய பேஸ்ட்டை ஆல்கஹால் நனைத்த துணியால் சிலிக்கான் பளபளக்கும் வரை துடையுங்கள். ஹீட்சிங்கின் தாமிரப் பக்கத்தையும். பிறகு சிலிக்கான் நடுவில் ஒரு அரிசி அளவு. நீளமான சிலிக்கான் என்றால் அரிசியை நீளவாக்கில் ஒரு கோடாக இழுங்கள், மூலைகளில் மூடாமல் போனால் ஏடிஎம் கார்டால் மெல்லப் பரப்புங்கள். அதிகம் வைத்தால் அதிகக் குளிர்ச்சி என்பது தவறு. தாமிரத்துக்கும் சிலிக்கானுக்கும் நடுவில் உள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பத்தான் பேஸ்ட். தடிமனாக நின்றால் அதுவே சூட்டைத் தடுக்கும்.

பல இன்டெல் யு வகை (மாடல் எண் யு என்று முடியும்) பிராசசர்களில் பெரிய சிலிக்கானுக்குப் பக்கத்திலேயே சின்ன சிலிக்கான் ஒன்று இருக்கும். அதன் மேல் ஏற்கெனவே பேஸ்ட் இருந்திருந்தால் மட்டும் வையுங்கள். பல மாடல்களில் ஹீட்சிங்க் அதைத் தொடுவதே இல்லை.

பேஸ்ட் பக்கத்தில் ரப்பர் மாதிரி நீலம், சாம்பல் நிறத் துண்டுகள் இருக்கின்றனவே?

அவை தெர்மல் பேட். கிராபிக்ஸ் மெமரி, பவர் சிப்களின் மேல் ஒட்டியிருக்கும். கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். கிழிந்தால் அதே தடிமனில் வாங்குங்கள், 0.5, 1, 1.5 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். இங்கே தடிமன்தான் முக்கியம். 1 மி.மீ. இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு பிராசசரைத் தொடாது. பேட் இருந்த இடத்தில் பேஸ்ட் அப்பி ஒப்பேற்றும் பழக்கம் சில கடைகளில் உண்டு. அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது, சிப் எரியும்.

லிக்விட் மெட்டல் நல்லது என்கிறார்களே?

மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும், வழிந்தால் போர்டு காலி. பழைய லேப்டாப்புக்குத் தேவையே இல்லை.

சுத்தம் செய்து பேஸ்ட்டும் போட்டாச்சு. இப்போது முன்பைவிட மோசம்!

பெரும்பாலும் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. கழற்றி, பேஸ்ட் தடம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சிலிக்கான் மேலும் தாமிரத்திலும் மெல்லிய, சீரான தடம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் வைத்தது வைத்தபடியே தடிமனாக இருந்தால் அந்தப் பக்கம் அழுத்தம் இல்லை. ஸ்க்ரூ முறுக்கியது போதாது, அல்லது பேட் தடிமன் மாறிவிட்டது, அல்லது ஏதாவது ஒயர் அடியில் சிக்கியிருக்கிறது. ஃபேன் கனெக்டரை மாட்ட மறந்திருக்கவும் வாய்ப்புண்டு, அதையும் பாருங்கள்.

இதெல்லாம் சரி, சிலிக்கான் தடமும் சரி, ஆனாலும் வெளியே வரும் காற்று குளிர்ச்சி, உள்ளே 95 என்றால் ஹீட் பைப். அந்தத் தாமிரக் குழாயின் உள்ளே வெற்றிடத்தில் கொஞ்சம் நீர்மம் அடைத்திருப்பார்கள். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் நீராகித் திரும்பும். குழாய் நசுங்கினாலோ, விரிசல் விட்டாலோ அந்தச் சுழற்சி நின்றுவிடும். ரிப்பேர் கிடையாது, ஹீட்சிங்க் முழுசாக மாற்ற வேண்டும். ரிச்சி தெருவில் பழைய போர்டிலிருந்து கழற்றியது கிடைக்கும்.

ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறது. எண்ணெய் விடலாமா?

தையல் மெஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு, ஃபேன் அச்சில். இரண்டு சொட்டு விட்டால் வழிந்து தூசியைப் பிடிக்கும். இது சில மாதம் தள்ளிப்போடும் வேலைதான், தேய்ந்த பேரிங் தேய்ந்ததுதான். தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40 இரண்டும் வேண்டாம். முதலாவது கெட்டிப்படும், இரண்டாவது காய்ந்துவிடும்.

எச்பியில் ஆன் செய்ததும் 90பி என்ற எண்ணோடு ஃபேன் எச்சரிக்கை வந்தாலோ, திங்க்பேடில் ஃபேன் எரர் என்று வந்து நின்றாலோ, எண்ணெய்க்கு நேரம் கடந்துவிட்டது. புது ஃபேன் வாங்குங்கள். சில நேரம் கனெக்டரில் உப்புப் பூத்திருந்தாலும் இதே எச்சரிக்கை வரும். வாங்கும் முன் ஒருமுறை பின்னை ஆல்கஹாலால் துடைத்து மாட்டிப் பாருங்கள்.

டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது. கவரும் மூட மாட்டேன் என்கிறது.

பேட்டரி உப்பியிருக்கிறது. சூடு பற்றிய மற்ற எல்லாக் கேள்வியையும் ஒதுக்கிவிட்டு இதை இன்றே கவனியுங்கள். சார்ஜ் போடாதீர்கள். கவரை அழுத்தி மூடாதீர்கள். பேட்டரியைக் கழற்றும்போது குத்தவோ வளைக்கவோ கூடாது. லித்தியம் பற்றினால் வீட்டுக்குள் அணைப்பது கஷ்டம். வீட்டுக் குப்பையிலும், காயலான் கடை மூட்டையிலும் போடாதீர்கள். பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள், அல்லது அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம். உப்பிய பேட்டரியைக் கழற்றிவிட்டு, புதியது வரும் வரை பல மாடல்களைச் சார்ஜரில் மட்டும் ஓட்டலாம்.

கூலிங் பேட் வாங்கலாமா?

லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஃபேனுக்கு நேராகக் காற்று ஓட்டை இருந்தால் சில டிகிரி குறையும். அடி மூடியிருந்தால் காசு வீண். முதலில் பின்பக்க இரண்டு காலுக்கும் அடியில் ஒவ்வொரு தண்ணீர் பாட்டில் மூடியை வைத்து எண்ணைப் பாருங்கள். அதிலேயே குறைந்தால் அதுவே போதும். மெத்தை, தலையணை, மடியில் விரித்த போர்வை எல்லாம் ஓட்டையை அடைப்பவை. ஒரு பிளைவுட் பலகையோ பரீட்சை அட்டையோ அடியில் போடுங்கள்.

விண்டோஸில் ஏதாவது மாற்றினால் குறையுமா?

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், பிராசசர் பவர் மேனேஜ்மென்ட், மேக்சிமம் பிராசசர் ஸ்டேட். 100ஐ 99 ஆக்கினால், தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் டர்போ நின்றுவிடும், சூடு நன்றாகவே இறங்கும். ஆனால் என்ன இழக்கிறீர்கள் என்பது பிராசசரைப் பொறுத்தது. ஐ5-5200யு என்றால் 2.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.2க்கு இறங்கும், பெரிதாகத் தெரியாது. ஐ5-8250யு என்றால் 3.4இலிருந்து 1.6க்கு விழும், நன்றாகவே தெரியும். ஆகவே 5ஆம் தலைமுறைக்காரர்கள் (ஐ5-5200யு போல, கோட்டுக்குப் பின் எண் 5இல் தொடங்கும்) தயங்காமல் செய்யலாம். 8ஆம் தலைமுறைக்காரர்கள் கத்திரி மாதத்தில் மட்டும் வைத்துக்கொண்டால் போதும். சில லேப்டாப்பில் இந்த வரி கண்ணுக்கே தெரியாது, அங்கே செட்டிங்ஸில் பவர் மோடைக் குறைத்துக்கொள்ளலாம்.

யூடியூப் பார்த்தாலே ஃபேன் கத்துகிறது.

யூடியூப் பெரும்பாலும் விபி9 என்ற வடிவத்தில் வீடியோ அனுப்பும். இன்டெலில் 7ஆம் தலைமுறையில்தான் அதை முழுமையாகப் பிரிக்கும் வன்பொருள் வந்தது. அதற்கு முந்தையவற்றில் பிராசசரே மென்பொருளால் கணக்குப் போட்டுப் பிரிக்கிறது, அதனால்தான் சூடு. எச்264இஃபை என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் போட்டால் பழைய எச்.264 வடிவத்தைக் கேட்டு வாங்கும். கூடவே 720பி-யில் வைத்துக்கொண்டால் பழைய லேப்டாப்பும் அமைதியாக ஓடும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் சூடு குறையுமா?

வேகம் கூடும். பிராசசர் சூட்டுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. வேறு காரணத்துக்காகப் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள்.

சார்ஜர் சரியில்லை என்றாலும் சூடாகுமா?

சார்ஜர் சூடாகும், லேப்டாப் மெதுவாகும், சூடு என்று நாம் நினைத்துக்கொள்வோம். பழைய சார்ஜரின் அடியில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். எச்பி, டெல் 65 வாட் என்றால் பெரும்பாலும் 19.5 வோல்ட், 3.3 ஆம்பியர் சொச்சம். லெனோவோ 65 வாட் என்றால் 20 வோல்ட், 3.25 ஆம்பியர். வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 65 வாட் லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜர் மாட்டினால் அது எப்போதும் முழு மூச்சில் ஓடிக் கொதிக்கும். டெல் லேப்டாப் அடையாளம் தெரியாத சார்ஜரைக் கண்டால் பிராசசர் வேகத்தையே குறைத்துவிடும். டிகிரி 60இல் இருக்க, லேப்டாப் ஆமை வேகத்தில் போனால் இதைச் சந்தேகியுங்கள்.

அரசு கொடுத்த லேப்டாப்புக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஒரே மாடல் லட்சக்கணக்கில் போனதால் ஃபேன், பேட்டரி, கீபோர்டு எல்லாம் மற்றவற்றைவிடச் சுலபமாகவே கிடைக்கும். தம்பி, தங்கை என்று கைமாறி வந்த லேப்டாப் என்றால் ஒருமுறைகூடத் திறந்திருக்க மாட்டார்கள். தூசித் தகடு உரிந்து வரும்போது தெரியும்.

கடையில் கொடுப்பதானால் என்ன கேட்க வேண்டும்?

"வெறும் ஊதலா, ஹீட்சிங்க் கழற்றி பேஸ்ட் மாற்றுவீங்களா?" என்பது முதல் கேள்வி. எந்த பேஸ்ட் என்பது இரண்டாவது, ட்யூப்பைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் முன்னாலேயே செய்யும் கடையைப் பாருங்கள். தூசியும் பேஸ்ட்டும் மட்டும் என்றால் பக்கத்தில் நின்று முடித்து வாங்கிவரும் அளவு வேலைதான். ஃபேன் மாற்றினால் பழைய ஃபேனைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் டிகிரி எண்ணை போனில் படம் பிடித்து, வாங்கும்போது அங்கேயே அரைமணி ஓட்டி மறுபடி பாருங்கள்.

திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போச்சு" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சூட்டினால் கிராபிக்ஸ் சிப் போய்விட்டது, ரீஃப்ளோ செய்தால் சரியாகும் என்கிறார்கள்.

ரீஃப்ளோ என்பது ஹாட் ஏர் அடித்துச் சிப்பின் ஈயப் பற்றை இளக்குவது. அப்படிச் சூடாக்கினால் சில நாளோ சில மாதமோ உயிர் வரலாம். பல நேரம் கோளாறு போர்டில் உள்ள ஈயப் பற்றில் இல்லை, சிப்புக்கு உள்ளேயே இருக்கிறது. 2008இல் என்விடியா தன் லேப்டாப் சிப்கள் சிலவற்றில் இத்தகைய பழுதை ஒப்புக்கொண்டு, செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அந்தக் காலத்து லேப்டாப்பில் ரீஃப்ளோவுக்குக் காசு கொடுப்பது, ஃபைலை எடுக்கும் வரை ஓடினால் போதும் என்ற நோக்கத்துக்கு மட்டும் சரி. ஃபைல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் அதைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டே எடுத்துவிடலாம், ரீஃப்ளோவே வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

கடலோரத் தெரு, கன்டெய்னர் லாரி போகும் ரோடு என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி, பெரம்பூர், கொளத்தூர் உட்பகுதி என்றால் வருடம் ஒருமுறை. பேஸ்ட்டை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஹீட்சிங்கைத் தூக்கினால் மட்டும், நேற்று போட்டதாக இருந்தாலும், துடைத்துவிட்டுப் புதிது போட வேண்டும். மாதம் பார்த்துச் செய்வதென்றால் மார்ச் கடைசி, கத்திரிக்கு முன்னால்.